விடு மாப்ளே

எங்கள் ஹெலிகாப்டருக்குக் காகிதங்களில் ஒரு நீளப் பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அது ஒரு சுற்றுப் பறந்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால் நாங்கள் தட்டான் என்றே கூப்பிட்டோம். சின்னக் கப்பலின் பின்பக்கத்தில், இரண்டு கார் நிறுத்தும் இடத்தில் அது வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இறக்கைகளை மடக்கிக்கொண்டு ஒடுங்க வேண்டும். கூப்பிட்டால் எழுந்து போய், கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதன் முதல் மாதிரியில்தான் நான் பறந்தேன். இரண்டாவது மாதிரி, எஞ்சின் இல்லாமல், எங்கள் பட்டறையில் நின்றுகொண்டிருந்தது.

லேசாக இருக்க வேண்டும், இன்னும் லேசாக இருக்க வேண்டும் என்று எங்கள் உயிரை எடுத்தார்கள். எடையைக் கவனிப்பதற்கென்றே ஒரு மனிதர் இருந்தார். ஒரு நாள் டீ குடிக்கும்போது என் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார்?" என்றேன். "ஒண்ணுமில்ல, அது இல்லாமலும் நீங்க பறக்கலாமேன்னு யோசிச்சேன்," என்றார். சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் விமானியின் கைப்பிடியிலிருந்து ஒரு பொத்தானையும் அதற்குப் போகும் வயரையும் கழற்றி எடுத்துவிட்டார். ஒன்றரைக் கிலோ மிச்சமாம். இரண்டாவது மாதிரியில் வைத்துக்கொள்ளலாமாம். அது என்ன பொத்தான் என்று சொல்கிறேன், பொறுங்கள்.

தட்டானின் வயிற்றில் ஒரு காது இருந்தது. பூசணிக்காய் அளவு உருண்டை. தட்டான் கடலுக்கு மேலே பதினைந்து மீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்கும். நான் பின்னாலிருந்து கேபிளை இறக்குவேன். உருண்டை தண்ணீருக்குள் போய், அடியில் ஓடும் எஞ்சின் சத்தத்தைக் கேட்கும். அதைச் செய்த பொறியாளரைக் காதுக்காரம்மா என்போம். நாலு வருஷம் அந்த அம்மா அதோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் திரும்பி வந்ததும் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நேரே காதிடம் போய், உப்புத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுப்பார். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். தொலைந்தால் இன்னொன்று செய்ய இரண்டு வருஷம்.

என் வேலை கேபிள். இறக்குவது, ஏற்றுவது, எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வெட்டுவது. மாட்டினால் வெட்டித்தான் ஆக வேண்டும். தட்டானோ லேசானது. கீழே எதிலாவது காது சிக்கிக் கேபிள் விறைத்தால், சட்டையைப் பிடித்து இழுத்தாற்போல இழுத்துத் தண்ணீரில் போட்டுவிடும். அதற்காக என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நெம்புகோல் இருந்தது. இழுத்தால் உள்ளே கத்தி இறங்கிக் கேபிள் துண்டாகும். விமானியிடமும் அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதுதான் அந்த ஒன்றரைக் கிலோ.

விமானி என் அக்கா புருஷன்.

ஒரே குடும்பத்து ஆட்கள் இரண்டு பேர் ஒரே மெஷினில் வேண்டாம் என்று மேலதிகாரி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். மாமாதான் கேட்கவில்லை. "எனக்குப் பின்னாடி உக்கார்றவன் என் மச்சினனா இருந்தா என் முதுகு பத்திரம் சார்," என்று சொல்லி என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படித்தான் உட்கார்ந்தோம், முதுகோடு முதுகாக. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. காதில் மாட்டிய கருவியில் குரல் மட்டும்தான்.

மாமாவிடம் ஒரு வார்த்தை இருந்தது. எதற்கெடுத்தாலும் 'விடு மாப்ளே'. நான் முதல் தடவை பறக்கும் தேர்வில் கோட்டைவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தபோது, "விடு மாப்ளே, பாத்துக்கலாம்." அவருடைய புதுச் சட்டையில் நான் டீயைக் கொட்டியபோது, "விடு மாப்ளே, அது பிடிக்காத சட்டைதான்." எனக்குப் பார்த்த பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியபோதும் அதேதான். கூடவே, "நல்ல புத்தியுள்ள பொண்ணு," என்று ஒரு குத்தும் வைத்தார். அக்காவுக்கு எரிச்சல் வரும். "சம்பளத்த தொலைச்சிட்டு வந்து நின்னாலும் விடுன்னுதான் சொல்வீங்க, வீடு இடிஞ்சு விழுந்தாலும் விடுன்னுதான் சொல்வீங்க!" என்பாள். "விடுடி," என்பார் மாமா.

அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் வேலை பார்க்கிறாள். பதினாறு வருஷமாகக் குரல்களோடுதான் குடித்தனம். 'ஹலோ' என்று ஒருவர் சொன்னாலே அழுதுவிட்டுப் பேசுகிறாரா, அழப்போகிறாரா என்று சொல்லிவிடுவாள். சின்ன வயதில் அவளிடம் என்னால் ஒரு பொய்யும் சொல்ல முடிந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் சோதனை தொடங்குவதற்கு முந்தைய வாரம், பட்டறையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கட்டளை அட்டை எழுதினோம். மேலே இரைச்சலில் நீட்டி முழக்கிப் பேச முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு சொல். விமானி சொல்வார், பின்னால் இருப்பவன் "சரி" என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். என் கையெழுத்து கொஞ்சம் பார்க்கும்படி இருக்கும் என்பதால் நான்தான் எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன்.

"காதை இறக்கு. காதை ஏத்து. காதை நிறுத்து. காதை வெட்டு."

மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். எடைக்காரர்கூடச் சிரித்தார். காதுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வேற வார்த்தையே கிடைக்கலையா உங்களுக்கு? காதை வெட்டாம்! கேக்கவே நெஞ்சு பதறுது."

"கேபிளைத்தானம்மா வெட்டறோம்," என்றேன்.

"எதையோ வெட்டுங்க. அந்த வார்த்தை வேண்டாம். நாலு வருஷம் சோறு தண்ணி இல்லாம செஞ்சிருக்கேன்."

"விடு மாப்ளே, அம்மாவுக்கு மனசு கஷ்டமா இருக்கில்ல, வேற எழுது," என்றார் மாமா.

"என்னன்னு எழுத?"

காதுக்காரம்மா கொஞ்சம் யோசித்தார். "விடுன்னு எழுதுங்களேன். போனா போகுதுன்னு விடற மாதிரியாவது இருக்கட்டும்."

'வெட்டு' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'விடு' என்று எழுதினேன். அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கொன்று பையில் வைத்துக்கொண்டோம்.

உங்கள் மூளை எங்கே போயிருந்தது என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமா வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே மேஜையில், அதே வார்த்தையை, உயிர் போகிற நேரத்துக்கான கட்டளையாக எழுதுகிறோம். ஏழு பேர் இருந்தோம். அத்தனை பேரும் படித்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. தினம் நூறு தடவை கேட்கிற வார்த்தை காதில் விழுவதே இல்லை.

எட்டு நாள் சோதனை நன்றாகவே நடந்தது. கப்பல் ஆடும்போது தளத்தில் இறங்கினோம், எழுந்தோம், காதை இறக்கினோம், ஏற்றினோம். வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை. அதனால் அந்த வார்த்தையைக் கட்டளையாக மாமா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. 'விடு மாப்ளே' மட்டும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை பத்தே கால். வெயில் அடித்தது, கடல் சாதுவாக இருந்தது. பயிற்சிக்காக எங்கள் நீர்மூழ்கி ஒன்று எங்கோ ஒளிந்திருந்தது. கீழே அறுந்துபோன மீன்வலைகள் மிதப்பதாகத் தகவல், முப்பத்தைந்து மீட்டருக்குக் கீழே காதை இறக்காதே என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்தில் லேசாக ஒரு துடிப்புக் கேட்டது. தட்டானின் காது முதல் முறையாக ஒரு நீர்மூழ்கியைக் கேட்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினால் தெளிவாகக் கேட்குமே என்று ஐந்து மீட்டர் கூடுதலாக இறக்கினேன். யாரும் சொல்லவில்லை, நானாக இறக்கினேன்.

கேபிள் வெடுக்கென்று விறைத்தது. ஏற்றிப் பார்த்தேன், மோட்டார் முனகியது, நகரவில்லை. வலை பிடித்துக்கொண்டுவிட்டது. தட்டான் இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்தது கப்பலில் இருந்த பதிவு நாடாவில் இருக்கிறது. பதினோரு விநாடி. எனக்கு அது மனப்பாடம்.

நான் சொல்கிறேன்: "மாமா, மாட்டிக்கிச்சு மாமா. அஞ்சு மீட்டர் அதிகமா இறக்கிட்டேன். என் தப்புதான், சாரி மாமா."

மாமா சொல்கிறார்: "விடு மாப்ளே."

நான் சொல்கிறேன்: "சரி மாமா."

பிறகு மூன்று விநாடி இரைச்சல் மட்டும். பிறகு மாமா "மாப்" என்கிறார். அதோடு நின்றுவிடுகிறது.

அந்த மூன்று விநாடியும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நிம்மதியாக இருந்தேன். தப்புச் செய்துவிட்டேன், மாமா திட்டவில்லை, வழக்கம்போல 'விடு மாப்ளே' என்று சொல்லிவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார். சிவப்பு நெம்புகோல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் பக்கத்துக் கதவு பிய்ந்து போனதால் நான் வெளியே வந்து விழுந்தேன். படகு வந்து என்னைத் தூக்கியது. மாமாவை இரண்டு மணி நேரம் கழித்து முக்குளிப்பவர்கள் கொண்டுவந்தார்கள். பெல்ட் போட்டபடியே இருந்தார். காது இன்னும் கடலுக்கடியில்தான் இருக்கிறது.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஓர் அதிகாரி என்னிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். "கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று கேட்டார். "விடு மாப்ளேன்னார். எனக்கு ஆறுதல் சொன்னார்," என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை. என் காதில் அப்படித்தான் விழுந்திருந்தது.

அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு, "போற நேரத்துலயும் உன்னைத்தான் சமாதானப்படுத்தியிருக்கார் பாரு. இந்த மனுஷன..." என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டவர்கள் எல்லாரிடமும் அதைச் சொன்னாள். தன் ஒன்பது வயதுப் பெண்ணிடமும் சொன்னாள். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டது. பென்சில் முனை உடைந்தால் தனக்குத் தானே, "விடு மாப்ளே," என்று சொல்லிக்கொள்ளும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஏனென்றால், அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இருபதாம் நாள், ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்திருந்த என் துணிமூட்டையைப் பிரித்தேன். பறக்கும் உடுப்பு உப்புப் பூத்து மொடமொடவென்று இருந்தது. பையைத் துழாவினேன். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒரு சொட்டு ஈரம் படாமல் வந்தது. நாலாவது வரியில் அடித்த அடியும், பக்கத்தில் என் கையெழுத்தில் 'விடு'வும்.

பொட்டில் அடித்தாற்போல இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தட்டான் சாய்ந்துகொண்டிருந்தபோது எந்த விமானியாவது மச்சினனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பானா? அவர் வெட்டச் சொன்னார். நான் "சரி மாமா" என்றேன். சட்டப்படி அதுதான் பதில். அந்த "சரி"யை நம்பி, இதோ வெட்டிவிடுவான், இதோ வெட்டிவிடுவான் என்று மூன்று விநாடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

அக்காவிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சமையலறை வாசல்வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் புருஷனைக் கொன்றது நான் என்று எந்த வாயால் சொல்வது? அதோடு அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே நல்லவன் வேஷம் கட்டிக்கொண்டேன். உண்மையில் பயம், வேறொன்றும் இல்லை. அக்கா என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயம்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக் குழு கூடியது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். கட்டளைச் சொல் 'விடு'. நாடாவிலும் 'விடு' இருக்கிறது. ஆனால் கூடவே 'மாப்ளே' இருக்கிறது. அது கட்டளையா, பேச்சா? கட்டளை என்றால் கேட்டும் செய்யாத நான் குற்றவாளி. பேச்சு என்றால் கட்டளையே கொடுக்காத விமானி குற்றவாளி. யாராவது ஒருவர் பெயரில் எழுதி மூட வேண்டும். பாப்பா பெரியவளானால் ஒரு நாள் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும்.

அவருடைய பேச்சு வழக்கம் தெரிந்த ஒருவர் நாடாவைக் கேட்டுச் சொல்லட்டும் என்று குழு முடிவு செய்தது. அக்காவுக்குக் கடிதம் வந்தது.

"நீ போகாதக்கா. கேட்டா தாங்க மாட்டே," என்றேன்.

"அவர் குரல் அங்க இருக்குடா. எனக்குக் கேக்கணும்," என்றாள்.

அவளோடு பஸ் ஏறினேன்.

விசாரணை நடந்த அறை எங்கள் பட்டறைக்கு எதிரே மாடியில் இருந்தது. நீள மேஜை, மின்விசிறி, தண்ணீர் ஜாடி, டைப் அடிக்கும் ஒரு பெண். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு முன்னால் காதுக்காரம்மாவை விசாரித்து அனுப்பியிருந்தார்கள். வெளியே வரும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அந்த வார்த்தைய சொன்னேன்னு சொல்லிட்டேன் தம்பி. அது இங்க கேள்வி இல்லைங்கறாங்க," என்று சொல்லி விம்மினார்.

தலைவர் முதலில் என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில நீங்க கொடுத்த வாக்குமூலத்துல மாத்தம் ஏதாவது இருக்கா?"

மாற்றம் இருந்தது. சட்டைப் பையில் அட்டை இருந்தது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைங்க," என்றேன். இதைவிட ஈனமான ஒரு வார்த்தையை என் ஆயுளில் நான் சொன்னதில்லை.

'விடு' என்றால் கேபிளை வெட்டு என்று எங்கள் அட்டையில் இருப்பதை அக்காவுக்கு விளக்கிவிட்டு நாடாவைப் போட்டார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். போர்டில் மங்கலான அழைப்பு வரும்போது செய்வதுபோல ஒரு விரலால் இடது காதை அடைத்துக்கொண்டாள். இரைச்சல். என் குரல். பிறகு மாமாவின் குரல். அவள் உதடு அசைந்தது. பிறகு என்னுடைய "சரி மாமா". பிறகு அந்த மூன்று விநாடி.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். சின்ன வயதில் நான் பொய் சொன்னபோதெல்லாம் பார்த்த அதே பார்வை. தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள்.

போட்டார்கள். அவள் முழுதும் கேட்டாள்.

"அவசரமில்லம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது அவர் கொடுத்த கட்டளையா? இல்ல, வீட்டுல சாதாரணமா சொல்றதா?" என்றார் தலைவர்.

"வீட்டுல சொல்றதுதாங்க. தம்பி சாரி கேட்டான், அவர் ஆறுதல் சொல்றார். அவ்வளவுதான்."

"நிச்சயமா?"

"பதிமூணு வருஷம் கேட்டிருக்கேன்."

தலைவர் பெருமூச்சு விட்டார். டைப் அடிக்கும் பெண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "கேபிளைத் துண்டிக்கும் கட்டளையை விமானி உரிய நேரத்தில் கொடுக்கவில்லை." அவள் அடித்தாள். நான் மரம்போல உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்துக் கொஞ்சமும் கோணவில்லை. தாள் முழுதும் தயாராகப் பத்து நிமிஷம் ஆகும், வெளியே இருங்கள் என்றார்கள்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. எதிரே பட்டறையின் பெரிய கதவு திறந்து கிடந்தது. இரண்டாவது தட்டான் இறக்கைகளை மடக்கியபடி நின்றுகொண்டிருந்தது. யாரோ ஏணி போட்டு அதன் முன்பக்கத்தில் என்னவோ செய்துகொண்டிருந்தார்கள்.

"அதுல அந்தப் பொத்தான் இருக்குமா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்கும்க்கா. நேத்துதான் வயர் இழுத்தாங்க."

தலையை ஆட்டினாள். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது கட்டளைதான்டா."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"வீட்டுல சொல்றப்ப 'விடு'வை இழுப்பார். பாதி சிரிப்பு இருக்கும். இதுல இல்ல. மொட்டையா இருக்கு. பயந்திருக்கார்டா அவர். பதிமூணு வருஷத்துல அவர் பயந்து நான் கேட்டதே இல்ல. இன்னைக்குத்தான் கேட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அவர் போயிட்டார். உன்னையும் தூக்கிக் கொடுத்துட்டு நான் யார் மூஞ்சில முழிக்கறது?"

"அவர் மேல தப்புன்னு எழுதிட்டாங்கக்கா. பாப்பா படிக்கும்."

"படிக்கட்டும். அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். விடுன்னு சொல்லியிருப்பார்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததில்லை. அப்போது அவளிடம் அந்த ஆறுதல் வார்த்தை இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அது போனதே என்னால்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே எனக்காக ஒரு பொய்யையும் சொல்லிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஓர் அக்காவுக்கு இப்படி ஒரு தம்பி!

உள்ளே டைப் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா கொடுத்த கட்டளையைக் கொடுக்கவில்லை என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். தன் முதுகை என்னிடம் நம்பிக் கொடுத்த மனுஷன்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா பட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்கடா போறே?"

"உள்ளே."

"பைத்தியமா உனக்கு? உக்காரு. இனிமே உன்னைப் பறக்க விட மாட்டாங்க. ஊரே உன்னைத்தான் சொல்லும். எல்லாம் முடிஞ்சு போச்சு, உக்காருடா."

"அவர் சொன்னார்க்கா. நான் சரின்னேன். சரின்னு சொல்லிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்."

அவள் பிடி இறுகியது. நகம் பதிந்தது. உள்ளே தலைவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"விடுக்கா," என்றேன்.

எந்த விடு என்று அவள் கேட்கவில்லை. கையை விட்டாள்.